குளிர்தான் வேலியாக இருந்தது: கவாயி தீவுப் பறவைகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2018-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஹவாயின் கவாயி தீவில் அகிகிகி என்ற சிறு பறவை ஏறத்தாழ 450 இருந்தது. 2021-ல் அது 45 ஆகச் சுருங்கியது. 2023-ன் நடுவில் காட்டில் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தவை ஐந்தே ஐந்து. அது வாழ்ந்த அலாகாயி பீடபூமி மாநில அரசின் பாதுகாப்பில் இருக்கும் காடு. மரம் வெட்டவோ சுரங்கம் தோண்டவோ அங்கே வழியில்லை. பறவையும் 2010 முதல் அமெரிக்காவின் அழிநிலை உயிரினங்கள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இருந்தது, எல்லை இருந்தது, வேலி இருந்தது, இரவு பகலாக உழைத்த களப்பணியாளர்கள் இருந்தார்கள். பறவைதான் இல்லாமல் போனது.

காலநிலை மாற்றம் காட்டுயிர்களை எப்படி அழிக்கிறது என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் பனிக்கரடியும் பவளப்பாறையும்தான் நினைவுக்கு வரும். அங்கே வெப்பம் நேராகவே தாக்குகிறது. பனி உருகுகிறது, பவளம் வெளுக்கிறது. கவாயியில் வெப்பம் தாங்காமல் ஒரு பறவையும் சுருண்டு விழவில்லை. சராசரி வெப்பநிலை கொஞ்சம் ஏறியது. அதுவரை மலைக்குக் கீழேயே நின்றிருந்த ஒரு நோய் மேலே ஏறி வந்தது, அவ்வளவுதான். சரணாலயங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் இனி வரப்போகும் ஆபத்துகளில் பெரும்பகுதி இப்படிச் சுற்றி வளைத்து வருவதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த நிகழ்வை விரிவாகப் பார்ப்பதற்கு அதுவே காரணம்.

இடமும் பறவைகளும்

பசிபிக்கின் நடுவே, எந்தக் கண்டத்திலிருந்தும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் கிடக்கின்றன ஹவாய் தீவுகள். பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வந்து சேர்ந்த ஃபிஞ்ச் வகைப் பறவை ஒன்றின் வாரிசுகள், காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தன. இவற்றுக்கு ஹனிக்ரீப்பர் என்று பெயர். பூவுக்குள் நுழையும்படி வளைந்த அலகு, மரப்பட்டையைப் பெயர்க்கும் கிளி போன்ற அலகு, விதை உடைக்கும் தடித்த அலகு என ஒரே குடும்பத்துக்குள் இத்தனை வகை வேறெங்கும் காணக் கிடைப்பது அரிது. இன்று அந்தக் குடும்பத்தில் எஞ்சியிருப்பவை 17 இனங்கள்.

முக்கியத் தீவுகளில் மிகப் பழையது கவாயி. பழையது என்பதால் அரித்து அரித்துத் தாழ்ந்துவிட்டது. அதன் மிக உயர்ந்த சிகரமான கவாயிகினி 1,598 மீட்டர்தான். அந்த உச்சியை ஒட்டிப் பரந்து கிடப்பதுதான் அலாகாயி பீடபூமி: சதுப்பும் ஓடைகளும் ஓஹியா மரங்களும் பாசி போர்த்திய கிளைகளும் கொண்ட மழைக்காடு. பக்கத்திலிருக்கும் வையாலேயாலே மலையில் ஆண்டுக்குச் சராசரியாக 10,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. உலகிலேயே மிக ஈரமான இடங்களில் ஒன்று அது.

அகிகிகி சாம்பல் நிற முதுகும் வெளிறிய வயிறும் இளஞ்சிவப்புக் கால்களும் கொண்டது. மரத்தண்டிலும் கிளைகளிலும் தத்திப் போய்ப் பட்டை இடுக்கிலிருந்து பூச்சியையும் புழுவையும் பொறுக்கித் தின்னும். கவாயியைத் தவிர வேறெந்தத் தீவிலும் அது கிடையாது.

கொசு வந்த பிறகு

1826 வரை ஹவாயில் கொசுவே கிடையாது. அந்த ஆண்டு மாவி தீவின் லஹைனா துறைமுகத்தில் ஒரு கப்பல் தண்ணீர்ப் பீப்பாய்களைக் கழுவி நிரப்பியபோது, பழைய தண்ணீரில் இருந்த புழுக்கள் ஓடையில் கலந்தன என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. வந்தது க்யூலெக்ஸ் கொசு. மனிதர்களுக்கு யானைக்கால் நோயைப் பரப்புவதும் இதே இனம்தான். கொசு மட்டும் வந்திருந்தால் இவ்வளவு சேதம் நேர்ந்திருக்காது. பிற்பாடு வெளிநாட்டுப் பறவைகளைத் தீவுகளில் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் இரத்தத்தோடு பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற ஒட்டுண்ணியும் வந்து சேர்ந்தது. பறவை மலேரியாவை உண்டாக்குவது அதுதான். மனிதர்களுக்கு அது தொற்றாது. ஒட்டுண்ணியும் அதைச் சுமக்கும் கொசுவும் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு, பல பத்து லட்சம் ஆண்டுகளாக இந்த நோயையே பார்த்திராத பறவைகள் என்ன செய்யும்?

இயிவி என்ற சிவப்பு ஹனிக்ரீப்பரைக் கொண்டு 1990-களில் செய்த ஆய்வு அதைக் காட்டியது. நோயுள்ள கொசு ஒரே ஒரு முறை கடித்தாலே பத்தில் ஒன்பது பறவைகள் இறந்தன. ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கிறது. இரத்தம் வெளுத்துப்போன பறவை இரை தேட முடியாமல் ஒடுங்கி உட்கார்ந்து, சில வாரங்களில் செத்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தாழ்நிலக் காடுகளில் உள்நாட்டுப் பறவைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. காடு நன்றாக இருந்த இடத்திலும் பறவை இல்லை. 1968-ல் ரிச்சர்ட் வார்னர் என்ற உயிரியலாளர், இந்த வெறுமைக்கு வெளியிலிருந்து வந்த நோய்களே காரணம் என்று விரிவாக எழுதினார். கூண்டுப் பறவைகளில் சிலவற்றைக் கொசுவலைக்குள் வைத்தும் சிலவற்றை வலையின்றித் தாழ்நிலத்தில் விட்டும் அவர் பார்த்த சோதனைகள் அதற்கு வலுச் சேர்த்தன. எஞ்சிய இனங்கள் பெரும்பாலும் மலை உச்சியில் ஒதுங்கியிருந்தன. அங்கே கொசு குறைவு. கொசு அங்கே ஏறிப் போனாலும் நோய் அதனோடு ஏறவில்லை.

குளிர் செய்த காவல்

அந்த உயரத்தில் நோய் ஏன் பரவவில்லை என்பதற்கு விடை கொசுவின் வயிற்றுக்குள் இருக்கிறது. நோயுற்ற பறவையின் இரத்தத்தை உறிஞ்சிய கொசு உடனே நோயைப் பரப்பிவிட முடியாது. ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் சில கட்டங்களைக் கடந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வெதுவெதுப்பு தேவை. சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே இந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. சராசரி 17 டிகிரிக்குக் கீழே இருக்கும் இடங்களில் அது மிக மெதுவாக நடப்பதால், ஒட்டுண்ணி தயாராவதற்குள் பெரும்பாலான கொசுக்கள் செத்துவிடும். அலாகாயி போன்ற உயர்காடுகளில் ஆண்டின் சூடான மாதங்களில் மட்டும் நோய் எட்டிப்பார்க்கும், குளிர் வந்ததும் அடங்கும்.

ஆகவே இந்தப் பறவைகளை உண்மையில் காத்து நின்றது அரசு போட்ட எல்லைக்கோடு கிடையாது. மலைச்சரிவில் 13-க்கும் 17-க்கும் இடையே ஓடிய வெப்பநிலைக் கோடு அது. யாரும் அதை வரையவில்லை, அரசிதழில் அறிவிக்கவில்லை. அது நகரும்போது தடுக்கவும் யாராலும் முடியவில்லை.

மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ ஆறரை டிகிரி குளிர்கிறது. அப்படியானால் ஒரு டிகிரி வெப்பம் கூடினால் கோடு சுமார் 150 மீட்டர் மேலே போகும். செங்குத்தான மலையாக இருந்தால் அது மெல்ல மெல்ல ஏறும். பறவைக்கும் மேலே போக இடம் இருக்கும். அலாகாயியோ பீடபூமி. பெரும் பரப்பு ஒரே உயரத்தை ஒட்டிக் கிடக்கிறது. கோடு அந்த உயரத்தைத் தொட்டுவிட்டால் கிட்டத்தட்ட முழுப் பரப்பையும் கொஞ்ச காலத்திலேயே கடந்துவிடும். ஐந்தே ஆண்டுகளில் 450 எப்படி ஐந்தானது என்று நான் யோசிக்கும்போதெல்லாம் இந்த நில அமைப்புதான் கண்முன் வருகிறது.

2002-லேயே இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் வந்த ஆய்வு ஒன்று, வெப்பநிலை 2 டிகிரி உயர்ந்தால் மூன்று பாதுகாக்கப்பட்ட காடுகளில் என்ன ஆகும் என்று வரைபடம் போட்டது. ஹவாய்ப் பெருந்தீவின் ஹகலாவ் காட்டில் நோய் அபாயம் குறைந்த பரப்பு 96 சதவீதம் சுருங்கும். மாவியின் ஹனாவி காப்பகத்தில் 57 சதவீதம். அலாகாயியில், நோய் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பரப்பு 85 சதவீதம் சுருங்கும். மூன்றுமே சட்டப்படி முழுப் பாதுகாப்பில் இருந்த இடங்கள்.

களத்தில் கண்டது

கணிப்பு கணிப்பாக நிற்கவில்லை. அலாகாயியில் வலைவிரித்துப் பிடித்த பறவைகளின் இரத்தத்தைச் சோதித்து, 1994–97 காலத்து முடிவுகளை 2007–13 காலத்து முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். நோய்த்தொற்று விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. இந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. அதில் வெப்பத்தோடு இன்னொரு கண்ணியும் இருந்தது: மழை குறைந்து ஓடைகளின் நீரோட்டமும் தளர்ந்திருந்தது. ஓடை வேகமாக ஓடினால் கொசுப்புழு அடித்துச் செல்லப்படும். ஓட்டம் குறைந்தால் பாறைக் குழிகளில் நீர் தேங்கும், புழு வளரும். உலகின் மிக ஈரமான மலைகளில் ஒன்றின் பக்கத்தில் மழை குறைவது கொசுவைப் பெருக்கும் என்று, பார்த்த மாத்திரத்தில் யாருக்குத் தோன்றும்?

2016-ல் வந்த மற்றொரு ஆய்வு, கவாயியின் ஏழு உள்நாட்டுக் காட்டுப் பறவைகளில் ஆறு வேகமாகக் குறைந்துவருவதாகக் காட்டியது. ஒரு தனி இனம் அல்ல, ஒரு பறவைக் கூட்டமே ஒன்றாகச் சரிகிறது என்பதுதான் அதன் செய்தி.

இயிவி, அபாபானே போன்ற இனங்களுக்கு இன்னொரு வம்பும் உண்டு. ஓஹியா பூக்கும் காலத்தில் தேனைத் தேடி அவை பல கிலோமீட்டர் பறந்து தாழ்வான காடுகளுக்கு இறங்குகின்றன. அங்கே கடிபட்டுத் திரும்புகின்றன. நோயை ஓரளவு தாங்கும் அபாபானே அதை இரத்தத்தில் சுமந்துகொண்டு மேலே வருகிறது. மேலே இருக்கும் கொசு அதைக் கடித்து அகிகிகிக்குக் கொடுக்கிறது. காப்புக்காட்டின் எல்லைக்குள் மட்டும் எவ்வளவு வேலை செய்தாலும் இந்தப் போக்குவரத்தை நிறுத்த முடியாது.

காலநிலை மட்டும்தானா?

இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்க வேண்டும். கவாயியில் வேறு தொல்லைகளும் இருந்தன, இருக்கின்றன. கப்பலில் வந்த எலிகள் கூட்டில் முட்டையையும் குஞ்சையும், சில நேரம் அடைகாக்கும் தாயையுமே தின்கின்றன. காட்டுப்பன்றிகள் நிலத்தைக் கிளறிப் போடும் குழிகளில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. 1982-லும் 1992-லும் வந்த இவா, இனிக்கி புயல்கள் காட்டை உருக்குலைத்தன. கவாயி ஓஓ என்ற பறவையின் குரல் கடைசியாகக் கேட்டது 1987-ல்.

ஆனால் எலியும் பன்றியும் பல தலைமுறைகளாக அங்கே இருப்பவை. அண்மைய சரிவு மட்டும் ஏன் இவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதை அவற்றால் விளக்க முடியாது. எலிப்பொறி வைத்ததும் வேலி போட்டதும் பலன் தராமல் போகவில்லை. புவையோஹி என்ற தாழக் கூடு கட்டும் பாடும் பறவைக்கு எலி குறைந்தது உதவுகிறது. அதுவும் அதே காட்டில்தான் வாழ்கிறது, மலேரியாவை ஓரளவு தாங்குகிறது, இன்னும் நிலைத்து நிற்கிறது. நோயைத் தாங்காத இனங்கள்தான் முதலில் விழுகின்றன. எனக்கு இந்த வேறுபாடே வலுவான சான்றாகத் தோன்றுகிறது.

கொசுவையும் ஒட்டுண்ணியையும் கொண்டுவந்தது மனிதர்தான், காலநிலை அல்ல. காலநிலை செய்தது, இவ்வளவு காலம் அவற்றைத் தடுத்து வைத்திருந்த ஒரே தடையை எடுத்துவிட்டது. காலநிலை மாற்றம் தனியாக வந்து கொல்வது குறைவு. பழைய எதிரிகளுக்கு வழி விட்டுத்தான் அது பெரும்பாலும் வேலை பார்க்கிறது.

சரி, நோய்க்கு உடல் பழகிக்கொள்ளாதா? ஒரு இனம் பழகியிருக்கிறது. பெருந்தீவின் தாழ்நிலங்களில் அமாகிஹி என்ற ஹனிக்ரீப்பர், எல்லாரும் கைவிட்ட இடத்தில் மலேரியாவோடு வாழக் கற்றுப் பெருகியிருக்கிறது. அதற்குப் பல தலைமுறைகளும் பெரிய எண்ணிக்கையும் வேண்டும். பல்லாயிரத்தில் சிலது பிழைத்தால் அவற்றின் குஞ்சுகள் தாங்கும். 450-ல் சிலது பிழைத்தால் இனமே மிஞ்சாது.

செய்தவையும் தாமதமானவையும்

2015-லும் அதற்கடுத்த ஆண்டும் களக்குழுக்கள் அகிகிகியின் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்கவைக்கும் வேலையில் இறங்கின. கூடுகள் மெல்லிய கிளைகளின் நுனியில், பத்து மீட்டருக்கு மேலே. நீண்ட ஏணிகளைக் கயிற்றால் கட்டி நிறுத்தி முட்டைகளை எடுத்து, ஹெலிகாப்டரில் அடைப்பெட்டியோடு கொண்டுபோனார்கள். இன்று பறவை முழுதாக அழிந்துபோகாமல் இருப்பது அந்தக் கூண்டுக் கூட்டத்தால்தான். அதுவும் மயிரிழையில் தப்பியது. 2023 ஆகஸ்ட்டில் மாவியில் காட்டுத்தீ பரவியபோது, இந்தப் பறவைகள் இருந்த காப்பகத்தின் ஓரம்வரை தீ வந்தது. அங்கிருந்த பணியாளரும் அக்கம்பக்கத்தாரும் தண்ணீர்க் குழாயும் தீயணைப்பானும் கொண்டு அதை அடக்கினார்கள்.

இடம் மாற்றிப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. மாவியின் கிவிகியு பறவைக்கு இரண்டாவது வாழிடம் தர, 2019 அக்டோபரில் ஹாலேயாகலா மலையின் மறுபக்கத்தில் நகுலா என்ற காப்பகத்தில் 14 பறவைகளைக் கொண்டுசேர்த்தார்கள். வேலி போட்டு, மரம் நட்டுப் பல ஆண்டுகள் தயாரித்த இடம். சில வாரங்களுக்குள் அவை ஒவ்வொன்றாக மலேரியாவில் விழத் தொடங்கின. கொசு எதிர்பார்த்ததைவிட உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது. 2021-ல் அவற்றில் ஒரே ஒரு ஆண் பறவை உயிரோடு இருப்பது தெரியவந்தது.

இப்போது நம்பிக்கை வைக்கப்பட்டிருப்பது வோல்பாக்கியா முறையில். பல பூச்சிகளின் உடலில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியா இது. காட்டுக் கொசுவிடம் இருப்பதிலிருந்து வேறுபட்ட வோல்பாக்கியா வகையைச் சுமக்கும் ஆண் கொசுக்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். அவற்றோடு இணைசேரும் காட்டுப் பெண் கொசு இடும் முட்டைகள் பொரிவதில்லை. ஆண் கொசு கடிக்காது, அதனால் நோயும் பரப்பாது. மாவியில் 2023 நவம்பரில் தொடங்கினார்கள், அடுத்து கவாயியிலும். ஹெலிகாப்டரிலிருந்து வாரந்தோறும் லட்சக்கணக்கில் தூவப்படுகின்றன. 2025-ல் ட்ரோன்களும் இதற்கு இறங்கின. தீவுகளில் இருக்கும் எதற்கும் இந்தக் கொசு உயிர்நாடி இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே இல்லாத உயிர் அது.

2002-ல் வரைபடம் வந்தது. கொசுவைக் குறைக்கும் வேலை காட்டில் தொடங்கியது 2023-ல். நடுவில் 21 ஆண்டுகள். தொழில்நுட்பம் தயாராகக் காலம் பிடித்தது உண்மை. உரிமம், சுற்றுச்சூழல் மதிப்பீடு, நீதிமன்ற வழக்கு எல்லாம் இருந்தன. ஆனால் பணத்தைப் பற்றிய ஒரு கணக்கு மனதை உறுத்துகிறது: 1996 முதல் 2004 வரை, அமெரிக்காவின் அழிநிலைப் பறவைகளில் மூன்றில் ஒரு பங்கு ஹவாய்ப் பறவைகளாக இருந்தும், மீட்புக்குச் செலவான தொகையில் அவற்றுக்குக் கிடைத்தது நான்கு சதவீதம் அளவுக்குத்தான். அமெரிக்க உள்துறை இந்தக் காட்டுப் பறவைகளுக்கென்று தனி மீட்பு உத்தியை வெளியிட்டது 2022 டிசம்பரில். அதற்குள் அகிகிகிக்குக் காலம் கடந்துவிட்டது.

வேறிடங்களில்

கவாயி தனி நிகழ்வு அல்ல. கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில், பெரும்பாலும் தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் இடங்களை நூறாண்டுக்கு முந்தைய குறிப்புகளோடு ஒப்பிட்டு 2018-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓரிடத்தில் முன்பு இருந்த பறவை இனங்களில் சராசரியாக 43 சதவீதம் காணாமல் போயிருந்தன. அங்கே காரணம் வறட்சியும் வெப்பமும். குளிர்வித்துக்கொள்ளப் பறவைக்குத் தண்ணீர் போதவில்லை. அதே பாலைவனத்தில் பகலை வளைக்குள் கழிக்கும் சிறு பாலூட்டிகள் பெரிதும் தப்பித்திருந்தன. ஒரே பூங்கா, ஒரே வெப்பம், இரண்டு விதமான முடிவு. ஆஸ்திரேலியாவின் பிராம்பிள் கே என்ற தாழ்ந்த மணல்திட்டில் மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் எலிக்கோ கடல்நீரே காரணம். உயர்ந்த அலைகள் தாவரங்களை அடித்துச் சென்றன. 2009-க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை, 2019-ல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

காப்பகங்களை நடத்துவோருக்கு

சரணாலயத்தின் ஆண்டறிக்கையில் வேலியின் நீளமும் பிடிபட்ட வேட்டைக்காரர் எண்ணிக்கையும் இருக்கும். அந்தச் சரணாலயத்தின் ஒவ்வொரு முக்கிய உயிரினத்தையும் இப்போது எது காத்து நிற்கிறது, குளிரா, ஈரமா, பனியா, வெள்ளம் வரும் காலமா என்பதையும் எழுத வேண்டும். எத்தனை டிகிரியில், எந்த உயரத்தில் அந்தக் காவல் உடையும் என்பது தெரிந்தால், அதற்குப் பத்தாண்டு முன்பே வேலையைத் தொடங்கலாம். முட்டை எடுப்பதாக இருந்தாலும் நோய்க் கட்டுப்பாடாக இருந்தாலும், பறவை ஆயிரக்கணக்கில் இருக்கும்போது செய்வது எளிது, மலிவு. நூற்றுக்கு வந்த பிறகு ஒவ்வொரு தவறும் ஓர் இனத்தின் விலை.

கவாயியில் இனி நடக்க வேண்டியது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆண் கொசு விடுவதை நிறுத்தினால் கொசு மறுபடி பெருகும், ஆகவே பணம் தடைபடக் கூடாது. அலாகாயியில் கொசு குறைகிறதா என்பதோடு நில்லாமல், அங்கே இன்னும் இருக்கும் பறவைகள் அடுத்தடுத்த இனப்பெருக்கக் காலங்களில் அதிகமாகப் பிழைக்கின்றனவா என்பதையும் இரத்தச் சோதனையால் பார்க்க வேண்டும். அந்த விடை கிடைக்கும்வரை கூண்டிலிருக்கும் அகிகிகியைக் காட்டில் விடுவது நகுலாவைத் திரும்பச் செய்வதாகிவிடும். விடை வருவதற்குள் கூண்டில் தலைமுறைகள் கடந்துவிட்டால் காட்டு வாழ்க்கையின் பழக்கங்கள் தேய்ந்துபோகும் என்ற அச்சமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் காலம் மிகக் குறுகியது.